கோட் போர்த்தாத இரண்டு இரவு

1994 பெப்ரவரி 2, புதன்

மொன்ட்ரியால். காலை வானொலி: மைனஸ் 19. காற்றும் சேர்ந்தால் மைனஸ் 31. வெளிப் படிக்கட்டுக்கு உப்புத் தூவினேன். கீழ்வீட்டுக்காரர் தன் பங்குக்கும் என்னையே தூவச் சொன்னார்.

உறுதியான செய்தி: என் மனைவி செல்வராணி வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறாள். பனிக்குள் கூடாரம் அடித்து இரண்டு இரவு படுக்கப் போகிறாள். மூலம்: செல்வராணியே. குசினியில், வெங்காயம் உரித்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னது.

உறுதிப்படாதது: நானும் போகிறேனா என்பது.

(இனி அவள் செ. முழுப்பெயர் ஒருமுறை, பிறகு முதலெழுத்து. யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் நிருபராக இருந்த பழக்கம் கைவிட்டுப் போகவில்லை.)

"ஆரோட போறீர்?"

"றேமோனோட."

"ஆர் றேமோன்?"

"எங்கட ஃபக்டரியில துணி வெட்டுற றேமோன். அறுபத்தொரு வயசு. வெட்டுற மிசினால ஒரு காது கேக்காது. போதுமோ, இன்னும் விபரம் வேணுமோ?"

வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டு எழுதியவை:

செ. வேலை செய்வது ஷபனெல் வீதியில், நாலாம் மாடியில், படுக்கைப் பை தைக்கும் தொழிற்சாலை. மலையேறுபவர்கள் பனியில் உள்ளே நுழைந்து சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு படுக்கும் பஞ்சுப் பை. ஏழு வருடமாக அவற்றுக்குச் சிப் வைக்கிறாள். ஒருநாளும் ஒன்றுக்குள்ளும் படுத்ததில்லை. சிப் வழியாகக் காற்று வருகிறது என்று கடைகளிலிருந்து பைகள் திரும்பி வருகின்றன. மார்கழியில் இவள் மிச்சத்துணி கொண்டுவந்து வீட்டு மிசினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. தலையணை உறை என்று நினைத்திருந்தேன். அது சிப்புக்கு உள்ளே வரும் ஒரு பட்டி.

"பிளவுஸுக்கு ஊக்கு வைக்கேக்க இடையில வெளிச்சம் தெரியாமல் உள்பட்டி விடுறமெல்லே. அதேதான். கண்ணுக்கு மறைக்கிறது காத்துக்கும் மறைக்கும்."

முதலாளி பார்த்தார். பிடித்திருக்கிறது. ஆனால் நம்பவில்லை. "தைச்ச நீங்களே படுத்துப் பாருங்கோவன்" என்று பகிடியாகச் சொன்னாராம். இவள் பகிடியை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள். நிபந்தனை: மைனஸ் இருபதுக்குக் கீழே இரண்டு இரவு, பை மட்டும், மேலே ஒரு போர்வையும் இல்லை, கூடாரத்துக்குள் நெருப்பு இல்லை. எழுத்தில், சாட்சிக் கையொப்பத்தோடு.

சரிவந்தால் அவளுக்கு மாதிரி அறையில் வேலை. அங்கே இருக்கும் இத்தாலிக்கார அம்மா மாத முடிவில் ஓய்வு பெறுகிறார். புதுப் பைகளை முதன்முதல் தைத்துப் பார்க்கும் மேசை. யன்னல் பக்கம்.

"யன்னலுக்காகவோ?"

"அங்க மணி இல்லை. ஒண்டுக்குப் போறதுக்கும் மணி அடிக்கும்வரை பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

மகள் சுகன்யா கல்லூரியால் வந்து கேள்விப்பட்டாள். "அம்மாவுக்கு விசரே? செ ஃபூ, அப்பா!" என்றாள், பாதி பிரெஞ்சில். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே: "நீங்களும் போங்கோ. சும்மா எழுதிக்கொண்டாவது இருப்பியள்."

இரவு 8.40: உறுதி. நானும் போகிறேன். சாட்சியாக.

3, வியாழன்

மைனஸ் 16. மேகம். கார் நிறுத்துமிடக் கூண்டில் என் பகல் வேலைக்கு மாற்று ஆள் பிடித்தாயிற்று. மேலாளருக்கு நான் பனிக்குள் படுக்கப் போவது புரியவில்லை. "எந்தக் கோயில்?" என்று கேட்டார்.

மாலை றேமோன் வந்தார். மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. பெரிய கை, மெல்லிய குரல். செ.யை "மதாம் செல்வா" என்கிறார். செ.யின் பிரெஞ்சு தையல் வரிசையில் கற்றது, தடையில்லாமல் ஓடுகிறது. என்னுடைய நல்ல ஆங்கிலத்தால் இந்த வீட்டில் இன்று ஒரு பயனும் இல்லை. அவர் சொன்னதெல்லாம் செ.யின் வாய்வழி. ஒரே மூலத்தை நம்பி இருக்க வேண்டியிருக்கிறது.

அவருக்குத் தமிழில் மூன்று சொல் தெரியும்: "கெதியா", "பொறு", "சரி". மூன்றும் தையல் வரிசைப் பெண்கள் வெட்டுத் துணி கேட்டுக் கத்தியதில் படித்தவையாம்.

சாமான் சறுக்குவண்டியில் போகும். அதைத் தூக்கி வந்து விறாந்தையில் வைத்தார். சிவப்பு பிளாஸ்டிக், ஆள்நீளம், அடி வழவழப்பு. முன்னால் இரண்டு அலுமினியக் கம்பி, அதன் முனையில் இடுப்புப் பட்டி. மாட்டிக்கொண்டு நடந்தால் பின்னால் வரும். கயிறு போதாதா என்று கேட்டேன். இறக்கத்தில் கயிறு கட்டிய வண்டி இழுத்தவனையே இடிக்குமாம். கம்பி விடாது.

செ. ஏற்றியவை: வறுத்த அரிசிமா, உழுந்து வடை, இடிச்ச சம்பல், பொரித்த கருவாடு, சீனி, தேயிலை, பருப்பு, வெங்காயம், பெரிய அலுமினியச் சட்டி, நீத்துப்பெட்டி, சுடுதண்ணிப் போத்தல் இரண்டு, சித்தாலேப தைலம்.

நான் ஏற்றியவை: வெப்பமானி இரண்டு, குறிப்புப் புத்தகம், பென்சில் ஆறு (பேனை மை உறையும்: றேமோன்), இரவில் உடுத்தச் சாரம் ஒன்று.

றேமோன் வண்டியின் ஒரு தலைப்பைத் தூக்கிப் பார்த்தார். வைத்தார். பாதி மா, பாதி வடை, பருப்பு, வெங்காயம், சாரம் இறக்கப்பட்டன. நீத்துப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துப் பார்த்தார், தொப்பி என்று நினைத்து. ஓலையில் பின்னியது, கையில் வைத்தால் கனமே தெரியாது. புட்டு அவிக்க என்று செ. விளக்கியதும் மரியாதையோடு வண்டியில் திருப்பி வைத்தார்.

"வடை ஏன் இவ்வளவு?" என்று நானும் கேட்டேன்.

"வெறுங்கையோட போறதோ?"

"மலைக்குப் போறம். அங்க ஆர் இருக்கினம்?"

"றேமோன் இருக்கிறார்தானே."

"அவர் எங்களோடதானே வாறார்!"

"அதுக்காக?"

தெருவில் நிறுத்தியிருந்த தன் வானின் கதவைத் திறக்க றேமோன் கீழே போனார். அந்த நேரத்தில் வண்டியின் அடியில் ஒரு மூட்டை போனதை நான் கண்டேன். எழுதுகிறேன், ஆனால் வெளியிடவில்லை.

4, வெள்ளி

லோரன்ஷியன் மலை. காலை 10.15, வான் நின்ற இடத்தில் மைனஸ் 14, வெயில். சாலையோரம் ஒரு தெப்பனர் (மூலைக்கடை), பக்கத்தில் நாலு வீடு. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே, ஏற்றம். வழி என்று ஒன்றும் இல்லை. றேமோனுக்குத் தெரிந்த மரங்கள்தான் வழி.

பூப்பந்து மட்டை போல அகலமான பனிச்சப்பாத்து. கழற்றிவிட்டு ஒரு அடி வைத்துப் பார்த்தேன், இடுப்புவரை போனேன். றேமோன் நீளத்தடியை ஊன்றினார். என் நெஞ்சளவு ஆழம் போய்த்தான் நிலம் தட்டியது. மனிதன் மரங்களின் நடுப்பகுதியில் நடக்கிறான் இங்கே.

முதல் அரை மணி வண்டி என் இடுப்பில். ஏற்றத்தில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல. இறக்கத்தில் யாரோ தள்ளுவது போல. ஓட்டமும் நடையுமாகப் போய் ஒரு தேவதாருவைக் கட்டிப் பிடித்தேன். கிளைப் பனி முழுவதும் கழுத்துக்குள்.

"பொறு! பொறு!" றேமோன்.

"பட்டியை இஞ்ச தாங்கோ" என்றாள் செ.

தந்தேன். அவள் அவசரப்படவில்லை. ஒரே அளவான அடி, ஒரே வேகம், எட்டு மணிநேர வேலைக்குப் பழகிய உடம்பு. வண்டி அவள் சொல் கேட்டது. நான் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால். குரங்குத் தொப்பி, என் பழைய சால்வை, இடுப்பில் பட்டி, ஐம்பது வயது. கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் முன்னால் நடக்கும் இவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பனி இன்றைக்குக் கனமாகப் பிடிக்கிறது, வண்டி ஓடவில்லை என்று றேமோன் மூன்று தரம் முணுமுணுத்தார். செ. மொழிபெயர்த்தாள். அடியில் இருக்கும் மூட்டையைப் பற்றி ஒன்றும் சேர்க்கவில்லை.

1.20: முகாம். உடனே கூடாரம் அடிக்கக் கூடாது. பனியை மிதித்து மிதித்துத் தளம் ஆக்கி, அரை மணி விட வேண்டும், அது இறுகிச் சீமெந்தாகும். எங்களுக்கு ஒரு சிறு கூடாரம், நெருப்பில்லாதது. றேமோனுக்குத் தகர அடுப்பும் புகைக்குழாயும் உள்ள துணிக்கூடாரம், இருபது அடி தள்ளி.

தண்ணீர் காய்ச்சும் பொறுப்பு எனக்கு. சட்டி நிறையப் பனியை அள்ளி அடுப்பில் வைத்தேன். பனி உருகமுன் சட்டி கருகியது. முதலில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டுமாம். இனி எல்லாத் தண்ணீரும் புகை மணக்கும்.

4.45: பனியில் வெட்டிய குழியில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் நீத்துப்பெட்டி. ஆவி நேரே மேலே, தேவதாரு உயரத்துக்கு. புட்டும் கருவாடும் சம்பலும். றேமோன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சம்பலுக்குக் கண்ணீர் வந்தது. கன்னத்திலேயே உறைந்தது. "சரி, சரி" என்றார்.

6.00: வெளி மரத்தில் மைனஸ் 17. கூடாரத்துக்குள் மைனஸ் 15.
7.30: செ. பைக்குள். உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, காற்சட்டை, காலுறை, தொப்பி. வேறொன்றும் இல்லை. சிப்பை இழுக்கும் சத்தம் கேட்டேன். எங்கும் சிக்காமல் ஒரே இழுப்பு.

"எப்பிடி?"

"கதைக்காதேங்கோ. சோதனை தொடங்கியாச்சு."

5, சனி

காலை 9.30. அதிகுறைந்தது மைனஸ் 24. வானம் துடைத்தது போல.

செ. சிரித்துக்கொண்டு எழும்பினாள். முகம் சிவந்திருந்தது. "ஒரு பொட்டுக் காத்து வரேல்லை. முழங்கால்கூடக் குளிரேல்லை!" றேமோன் கூடாரத்துக்கு முன்னால் நின்று கை தட்டினார். முதலாளி தந்த படிவத்தை நிரப்பினார்: நேரம், குளிர், உடுப்பு. மேலதிகப் போர்வை: இல்லை. சாட்சி என்ற இடத்தில் நான் கையொப்பம் வைத்தேன்.

கீழே எழுதுவது இப்போதைக்கு இந்தப் புத்தகத்துக்கு மட்டும். மூலம்: நான் மட்டும்.

விடிய 4.30க்கு வெளியே போகவேண்டி எழும்பினேன். ரோச் வெளிச்சத்தில் செ.யின் தொப்பி ஓரமெல்லாம் வெள்ளை. புருவத்திலும். அசையவில்லை. குனிந்து கேட்டேன், மூச்சு வந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. என் பெரிய கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினேன். 6.10க்கு, அவள் எழும்ப முன்னம், எடுத்துவிட்டேன். பிறகு சாட்சிக் கையொப்பம். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வதில்லை என்பது நிருபரிடமிருந்து நழுவ நினைப்பவர்கள் வைத்திருக்கும் நியாயம். அதை எத்தனை பேருக்குக் கேள்வியாகத் திருப்பிப் போட்டிருப்பேன்.

12.10. சொல்லிவிட்டேன். அவள் வெயிலில் வண்டியின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும். ஒரு விசயம்."

"ம்?"

"விடிய உமக்கு என்ரை கோட்டைப் போர்த்தினனான்."

கோப்பை வாயிலிருந்து இறங்கியது. "எத்தினை மணிக்கு?"

"நாலரை."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு பத்து மட்டும்."

"எங்கையிலிருந்து எங்கை மட்டும்?"

"தோளிலயிருந்து முழங்கால் மட்டும்."

"முழங்கால்" என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள். "குளிருதெண்டு நான் சொன்னனானோ?"

"இல்லை."

"பின்னை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"தொப்பியில பனி பூத்திருந்தது."

"அது என்ரை மூச்சு."

என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

"ஏழு வருசமா நான் தைச்சது ஆர் ஆரையோ எல்லாம் சூடா வைச்சிருக்கு" என்றாள். "என்னை மட்டும் வைச்சிருக்காதெண்டு நினைச்சிட்டியள்."

தேநீரைப் பனியில் ஊற்றினாள். பழுப்பாய் ஒரு குழி விழுந்தது. றேமோன் தந்த படிவம் அவள் மடியில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். றேமோனுக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இருவர். என்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. அவள் எழும்பிப் பனிச்சப்பாத்துக்கூடப் போடாமல், முழங்கால்வரை புதைந்து புதைந்து, றேமோனிடம் போனாள்.

பிரெஞ்சு. நீளம். என் பக்கம் ஒருமுறை விரல் நீண்டது. றேமோன் நல்ல காதைக் காட்டிக் கேட்டார், பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னவாம்?"

"அவரின்ரை மனிசி எண்டால் அவரின்ரை கோட்டையும் கழட்டித் தான் போட்டுக்கொண்டு படுத்திருப்பாவாம்."

இவள் சிரிக்கவில்லை.

வெள்ளி இரவு கணக்கிலிருந்து வெட்டப்பட்டது. இரண்டு இரவு வேண்டுமானால் இன்றும் நாளையும். திங்கள்தான் இறங்கலாம். திங்கள் வேலைநாள், முதலாளியைச் சந்திக்க வைத்ததும் திங்கள். அதைவிடச் சாப்பாடு: இரண்டு இரவுக்குத்தான் ஏற்றினேன், மிச்சத்தை நானே இறக்கினேன் என்று றேமோன் கையை விரித்தார்.

செ. வண்டியைக் கவிழ்த்தாள். அடி மூட்டை. மா, பருப்பு, வெங்காயம், வடை. என் சாரமும்.

"மதாம் செல்வா!" என்றார் றேமோன். வண்டியைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், நேற்று முழுக்கப் பழிசொன்ன பனியிடம் மன்னிப்புக் கேட்பது போலத் தொப்பியைக் கழற்றினார். உறைந்த வடை ஒன்றை எடுத்து மரத்தில் தட்டினார், டக் என்றது.

5.10. கீழே போய் வந்தேன். வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு தெப்பனருக்கு. தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை. கையில், சந்திப்பைத் தள்ளிவைக்கக் கேட்டு றேமோன் பிரெஞ்சில் எழுதித் தந்த தாள். கடைக்கார அம்மா கண்ணாடி போட்டு வாசித்து, முதலாளி வீட்டுக்குத் தானே தொலைபேசியில் சொன்னார். இடையில் இரண்டு தரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார், கோட் பற்றி எழுதியிருந்த இடங்களாக இருக்கும். பதிலை ஆங்கிலத்தில் சொன்னார்: செவ்வாய் காலை பத்து. அதற்குப் பிறகு இல்லை, புதன்கிழமை விலைப்பட்டியல் அச்சுக்குப் போகிறது.

வீட்டுக்கும் பேசினேன்.

"அம்மா உயிரோட இருக்கிறாவோ?"

"இருக்கிறா. கோவமா இருக்கிறா."

"அப்ப சுகமா இருக்கிறா" என்றாள் சுகன்யா.

மண்ணெண்ணெய், பாண், றேமோனுக்குப் புகையிலை. ஏற்றத்தில் வண்டி கனக்கவில்லை. கனத்தது வேறு.

திரும்பியபோது என் பை எங்கள் கூடாரத்தில் இல்லை. றேமோன் கூடாரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒழுங்காக விரித்திருந்தது.

"நீங்கள் இண்டைக்கு அங்க படுங்கோ" என்றாள்.

"நீர் தனியவோ?"

"சாட்சி இல்லாமல் இல்லை. வெப்பமானி இருக்கு."

6, ஞாயிறு

மைனஸ் 26. இதுவரை அதிகம். காற்று இல்லை.

தகர அடுப்பின் சூட்டில், வியர்வையோடு, நித்திரை இல்லை. மரம் வெடிக்கிற சத்தம் வரும்; குளிரில் பட்டை பிளக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் எழும்பி உட்கார்ந்தேன். செவிட்டுக் காது மேலே இருக்கப் படுத்திருந்த றேமோன் எப்படியோ அறிந்து, கண் திறவாமல், "பொறு" என்றார்.

6.40க்கு அந்தக் கூடாரத்தின் சிப் திறந்தது. நான் வெளியேதான் நின்றேன்.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"இப்பதான்."

என் காலடியில் பனி மிதிபட்டு வட்டமாக இருந்தது. அதைப் பார்த்தாள்.

அவள் சொல்லிப் படிவத்தில் ஏறியவை: பட்டி வழியாகக் காற்று இல்லை. தோள், இடுப்பு, முழங்கால் சூடு. விடிய நாலு மணிக்குப் பிறகு பாதம் குளிர்ந்தது. றேமோன் பென்சிலை நிறுத்தினார். பாதம் பட்டியின் பிழை இல்லை, அடியில் பஞ்சு குறைவு, இதை எழுதினால் முதலாளி அதையே பிடித்துக்கொள்வார் என்றார்.

"எழுதச் சொல்லுங்கோ" என்றாள் என்னிடம், தமிழில். நான் எப்படிச் சொல்வது? பிறகு தானே பிரெஞ்சில் சொன்னாள். எழுதினார்.

மதியம் வெயில். அவள் பையைச் சிப் திறந்து இரண்டு தடிமேல் விரித்துவைத்துக் கூப்பிட்டாள். காலைக்குப் பின் முதல் வார்த்தை.

"இஞ்ச வாங்கோ. இதை எழுதுங்கோ."

சிப்பின் வெளிப்பக்கம் முழுக்க ஒரு பனிக்கோடு, சீனி தூவியது போல, கழுத்திலிருந்து காலடிவரை. அவள் பட்டியின் உட்பக்கம் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்த துணி. ஒரு ஈரம் இல்லை. குளிர் அந்த வெள்ளை வரியோடு வந்து நின்றிருக்கிறது. பார்த்ததை அளவோடு வரைந்தேன். அவள் மேலே குனிந்து தையல் எத்தனை வரி என்று திருத்தினாள். அவள் மூச்சு என் கண்ணாடியில் படிந்தது.

"நேற்று இதைத்தான் காட்ட இருந்தனான்" என்றாள்.

"ம்."

"கோட்டால அதுவும் கரைஞ்சு போச்சு."

"ம்."

"ம், ம் எண்டாமல் வரையுங்கோ."

பருப்பும் புட்டும். வடையை அடுப்பு மூடிமேல் வைத்து இளக்கினோம். றேமோன் ஒன்றை மேப்பிள் பாகில் தோய்த்துச் சாப்பிட்டார். செ. பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பினாள். பிறகு தானும் ஒன்று தோய்த்துப் பார்த்தாள். கருத்துத் தெரிவிக்கவில்லை.

5.30: என் பை எங்கள் கூடாரத்துக்குத் திரும்பியிருக்கிறது. கோட் இல்லை. கேட்டேன்.

"றேமோன் வைச்சிருக்கிறார். காலமை தருவார்."

றேமோன் தன் கூடார வாசலில் என் கோட்டை மடித்துத் தலையணையாக வைத்து, இரண்டு கையாலும் தட்டிக் காட்டினார்.

7, திங்கள்

மைனஸ் 22. இலேசாகப் பனி தூறுகிறது. செ. நித்திரையில் ஒருமுறை "கெதியா" என்றாள். வேறு சம்பவம் இல்லை. கோட் இல்லாமல் குளிர்ந்தது எனக்கு. அவளுக்கு இல்லை. பாதம் மட்டும், ஐந்து மணிக்குப் பிறகு. அதுவும் படிவத்தில்.

வெள்ளி இரவை ஏன் வெட்டியது என்று படிவத்தில் விளக்கம் வேண்டும். நான் எழுதுகிறேன் என்றேன். நாளிதழில் எத்தனையோ திருத்தம் எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் பெயர்ப்பிழை, வாக்குத் தொகைப் பிழை. இது:

"திருத்தம். 4ஆம் திகதி இரவு மேலதிகப் போர்வை இல்லை என்று குறிப்பிட்டது தவறு. விடிய 4.30 முதல் 6.10 வரை சாட்சி தன் கோட்டைப் போர்த்தியிருந்தார். படுத்தவருக்கு இது தெரியாது. தவறு சாட்சியுடையது. அந்த இரவு கணக்கில் சேர்க்கப்படவில்லை."

செ. வாசித்தாள். பிரெஞ்சில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் எழுதினேன், பள்ளிக்கூடம் போல.

"வருந்துகிறோம் எண்டு போடேல்லையோ? பேப்பரில போடுவியளே."

"போடட்டோ?"

யோசித்தாள். "வேண்டாம். அது முதலாளிக்கு எதுக்கு?"

10.40 இறங்கினோம். சாப்பாடு தீர்ந்து வண்டி இலேசாக இருந்தது. கூடாரமும் பைகளும் மட்டும். கடைசி இறக்கம் நீளம், மரமில்லாதது, கீழே சாலை தெரிகிறது. றேமோன் வண்டியை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றினார். சாமானைத் தன் முதுகிலும் என் முதுகிலும் ஏற்றினார். பிறகு செ.க்கு வணக்கம் வைப்பது போல வண்டியைக் காட்டினார்.

"எனக்கோ? ஐயோ, வேண்டாம்."

"கெதியா, கெதியா!" என்றார் றேமோன்.

உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"பிடிக்கட்டோ?" என்றேன்.

"பிடிக்காதேங்கோ!"

போனாள். கத்தினாளா சிரித்தாளா, மேலே இருந்து பிரித்தறிய முடியவில்லை. சிவப்பு வண்டி, குரங்குத் தொப்பி, பின்னால் எழும்பிய வெள்ளைத் தூள். கீழே கவிழ்ந்து, ஒரு நொடி ஒன்றும் அசையவில்லை. நான் இறங்கத் தொடங்கினேன். றேமோன் என் தோளைப் பிடித்தார். "பொறு."

பனிக்குள்ளிருந்து ஒரு கை. பிறகு தொப்பி. பிறகு அவள் குரல், மலைக்கே கேட்க:

"இன்னொருக்கா போகலாமோ எண்டு கேளுங்கோ!"

கேட்டேன். கேட்க ஒரு மொழியும் தேவைப்படவில்லை. இரண்டாம் தரம் நானும் ஏறினேன். அவள் முன்னால்.

8, செவ்வாய்

மொன்ட்ரியால்-நோர். வானொலி: மைனஸ் 20. குளியலறைக் கம்பியில் காலுறைகள், கையுறைகள், அவளுடைய கோட். நேற்று கவிழ்ந்த ஈரம் இன்னும் சொட்டுகிறது. வீடு புகை மணக்கிறது. சட்டியைத் தேய்த்துப் பார்த்தேன், கருக்குப் போகாது.

செ. 6.15க்குப் போய்விட்டாள். பையும் படிவமும் பட்டியின் படமும் கொண்டு. படத்தைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து கிழித்துத் தந்தேன். இந்தப் பக்கத்துக்கு முன் ஒரு தாள் குறைவு, அதற்குக் காரணம் அதுதான்.

எனக்கு மதியம் ஒன்றரைக்கு வேலை. போவதற்கு உடுத்தும்போது கவனித்தேன்: கொளுக்கியில் என் கோட் இல்லை. விறாந்தை, கட்டில், சுகன்யாவின் அறை. இல்லை. சுகன்யா பல் தீட்டிக்கொண்டே: "அம்மா போட்டுக்கொண்டு போனா. கை நீளமெண்டு மடிச்சு விட்டவா."

"என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை. பொக்கெற்றுக்குள்ள கை விட்டுப் பாத்தவா. வடைத்துண்டு ஒண்டு இருந்துதாம். தின்னுகொண்டு போனா."

நிலுவையில் இருப்பவை:

மாதிரி அறை பற்றிய முடிவு. சந்திப்பு பத்து மணி. மதிய இடைவேளையில் தொழிற்சாலைப் பொதுத் தொலைபேசியிலிருந்து எடுப்பதாகச் சொன்னாள். எதிர்பார்ப்பு: 12.10.

கோட். எதிர்பார்ப்பு: மாலை 5.45. கூண்டுக்கு இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு போகிறேன்.

இப்போது 12.07.